தபீதாள் டீச்சர் ஏலகிரி ஏறிய நாள்

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் புவியியல் நடத்தியவர் தபீதாள் டீச்சர். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால், எங்கள் தெருவில் மூன்றாவது வீடு அவருடையது. எதையும் பார்க்காமல் கரும்பலகையில் தமிழ்நாட்டு வரைபடத்தை ஒரே இழுப்பில் வரைந்துவிடுவார் என்று அவரிடம் படித்த பெண்கள் இன்றும் சொல்வார்கள். கோடியக்கரையின் மூக்குகூடப் பிசகாதாம். பிறகு பழுப்பு சாக்பீஸை எடுத்து, வடக்கிலிருந்து தெற்காக மலைகளைத் தீற்றுவார். ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை. ஒவ்வொன்றும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பது அவருக்கு மனப்பாடம்.

அவற்றில் ஒன்றில்கூட அவர் கால் வைத்ததில்லை.

பள்ளிச் சுற்றுலா என்றால் மகாபலிபுரம், விட்டால் வேடந்தாங்கல். ஒரு வருஷம் ஏற்காடு என்று முடிவாகி, பெற்றோர்களிடம் கையெழுத்தெல்லாம் வாங்கிய பிறகு மழை பிடித்துக்கொண்டது. தலைமையாசிரியை வேண்டாம் என்றுவிட்டார். கோடை விடுமுறைகள் விடைத்தாள் திருத்துவதிலும், படுத்த படுக்கையாக ஒன்பது வருஷம் இருந்த மாமியாரைப் பார்த்துக்கொள்வதிலும் போயின. கணவர் ஆபேல் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன்னால் ஆபீஸ் வேலையாகக் குன்னூர் போனபோது பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லையாம். அன்றிலிருந்து மலை என்றாலே, "என்னை விட்டுடும்மா" என்பார். போக மனமில்லாமல் நடிக்கிறார் என்பது டீச்சரின் முடிவு. அதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியும் இருக்கிறார்.

இரண்டாயிரத்து ஐந்து மே மாதம் டீச்சர் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் மார்ச்சில் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கியபோது, தேவாலய அறிவிப்புப் பலகையில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பழைய காரில் மலை பார்க்கப் போகலாம். தனி வண்டி. ஏலகிரி, ஜவ்வாது, ஏற்காடு. நானே ஓட்டுவேன். சுந்தர்சிங், இரும்புலியூர்.'

சுந்தர்சிங்கின் காரைத் தாம்பரத்தில் தெரியாதவர்கள் குறைவு. ஐம்பத்தாறாம் வருஷத்து வண்டி. கீழே பாட்டில் பச்சை, மேலே வெண்ணெய் நிறம். முன் சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளம், கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். தேவாலயக் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் அதில்தான் வந்து இறங்குவார்கள். லெந்து நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது என்பதால் வண்டி சும்மா நிற்கும். அதனால் வந்த யோசனை அது.

டீச்சர் அன்றே போன் செய்தார்.

"எத்தனை பேர் டீச்சர்?" என்றார் சுந்தர்சிங்.

"நான் ஒருத்திதான்."

"சார் வரலையா?"

"சார் வரமாட்டார்."

"தப்பா நினைக்காதீங்க. ஓட்டும்போது நான் பேசமாட்டேன். எனக்கு வண்டி சத்தத்தைக் கேட்டுக்கிட்டே ஓட்டணும். பேச்சுத் துணைக்கு யாராவது இருந்தா உங்களுக்கு நல்லது."

அந்தத் துணை மறுநாள் காலை தானாகவே வீட்டு வாசலுக்கு வந்தது.

கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து அங்காளம்மாள் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக இரண்டு பஸ் மாறி எங்கள் பக்கம் மீன் விற்க வருவாள். ஐம்பதைத் தாண்டியவள். லெந்து நாட்களில் டீச்சர் மீனைத் தொடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கூடையை இறக்கி வைத்து, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவாள்.

டீச்சர் மலைக்குப் போகும் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்தாள். "மலைல இன்னா கீது டீச்சரம்மா பாக்க?"

"மலைதான் இருக்கு."

அங்காளம்மாள் காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "அது இன்னா ஒசரம் கீது?"

"கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நூறு மீட்டர்."

"அப்ப தண்ணி அங்க ஏறாது."

சுனாமி வந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது. அங்காளம்மாளின் வீடு அதில் போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளும் புருஷனும் இன்னும் தகரக் கொட்டகையில்தான் இருந்தார்கள். முப்பத்தொரு வருஷமாகக் கடல் மட்டம், கடல் மட்டம் என்று சொல்லிக்கொடுத்திருந்தும், அந்த அளவை ஒருத்தி இப்படிக் கணக்குப் போடுவாள் என்று டீச்சர் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஏறாது" என்றார்.

"அப்ப நானும் வரேன்" என்றாள் அங்காளம்மாள்.

சனிக்கிழமை விடியும்போது பச்சை வண்டி தெருமுனைக்கு வந்தது. அங்காளம்மாள் முந்தின நாள் சாயங்காலமே வந்து டீச்சர் வீட்டில் தங்கிவிட்டாள். தலைக்குப் பூ வைத்து, பண்டிகைக்குக் கட்டும் மஞ்சள் புடவையில் இருந்தாள். ஆபேல் சார் கேட்டுக்கு வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து சீட்டை அழுத்திப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். யாராவது உள்ளே இழுத்துவிடுவார்களோ என்கிற மாதிரி.

முடிச்சூர், படப்பை, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் தாண்டிப் பெரிய ரோட்டைப் பிடித்தார்கள். வண்டி ஐம்பதுக்கு மேல் போகவில்லை. லாரிக்காரர்கள் முந்திப்போகும்போது தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். அங்காளம்மாள் ஒவ்வொருவருக்கும் கையாட்டினாள். வேலூரைத் தாண்டியதும் இடதுபக்கம் மலைகள் நீலமாகத் தெரியத் தொடங்கின. டீச்சர் பையிலிருந்து பள்ளி அட்லஸை எடுத்து மடியில் விரித்தார்.

"அது ஜவ்வாது. இருபுறமும் ஆறு ஓடும். ஏலகிரி அதுக்கு மேற்கே."

"ஏன் புஸ்தகத்தைப் பாக்கற? ஜன்னலுக்கு வெளிய கீது பாரு" என்றாள் அங்காளம்மாள்.

வாணியம்பாடியில் திரும்பியதும், அடிவாரத்துப் பொன்னேரியில் மலைப்பாதை ஆரம்பமானது. பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். முதல் மூன்றையும் டீச்சர் சத்தமாக எண்ணினார். நாலாவதில் எண்ணுவதை நிறுத்தினார். அட்லஸை மூடிப் பக்கத்தில் வைத்தார். ஐந்தாவது வளைவில், "வண்டியை நிறுத்துங்க" என்றார். சுந்தர்சிங் நிறுத்துவதற்குள் கதவைத் திறந்து, சாலையோரக் கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

அங்காளம்மாள் இறங்கி ஓடி வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னாள். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். உடம்பைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

"கண்ணை மூடாத. மூடினா இன்னும் சுத்தும்" என்றாள் அங்காளம்மாள். "கிட்டத்துல பாக்காத. தோ, அம்மாந்தூரம் பாரு. எங்கூட்டு ஆளு புதுசா போட்ல வர்றவங்களுக்கு இதான் சொல்லும். அலையப் பாக்காத, கரையப் பாருன்னு."

"இங்க ஏது கரை?"

"எது ஆடாம கீதோ அதப் பாரு."

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

கீழே சமவெளி விரிந்து கிடந்தது. தென்னந்தோப்புகள், ஏரிகள், ஓட்டு வீடுகள், தண்டவாளத்தில் பூரான் மாதிரி ஒரு சரக்கு ரயில். அந்தப் பக்கம், கிழக்கே, ஜவ்வாது மலை தனியாக எழுந்து நின்றது. இரண்டு மலைகளுக்கும் நடுவே இருந்த அந்த அகலமான இடைவெளியில்தான் இத்தனை ஊர்களும் இருந்தன.

எத்தனையோ வருஷத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், கிழக்குத் தொடர்ச்சி மலைன்னு பேர் வெச்சுட்டு, தொடர்ச்சியற்றதுன்னு எழுதச் சொல்றீங்களே?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. "ஆறுகள் அரித்துவிட்டன, எழுதிக்கோ" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டார். அன்று சொன்னது தப்பான பதில் இல்லை. ஆனால் மலையில் நின்றபோது அந்தப் பெண் பக்கத்தில் இருந்திருந்தால் தோளைப் பிடித்துத் திருப்பி, பேசாமல் காட்டியிருப்பேன் என்று என்னிடம் சொன்னார் டீச்சர். ஆறு அரித்த இடம் என்று அவர் புள்ளி வைத்துவிட்டுத் தாண்டிப்போன இடத்தில் ரயில் ஓடியது, பிள்ளைகள் விளையாடினார்கள், யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள்.

வயிறு கொஞ்சம் அடங்கியது. ஆனால் காரில் ஏற மனம் வரவில்லை.

"நான் நடந்தே வரேன்" என்றார்.

"இன்னும் ஒன்பது வளைவு இருக்கு டீச்சர்" என்றார் சுந்தர்சிங்.

"இருக்கட்டும். எங்களுக்கு என்ன அவசரம்?"

சுந்தர்சிங் மூடியிருந்த பானெட்டைப் பார்த்தார். ஓரத்தில் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. "உண்மையைச் சொன்னா, வண்டிக்கும் அதான் நல்லது" என்றார்.

அப்படித்தான் அவர்கள் ஏலகிரி ஏறினார்கள். இரண்டு பெண்களும் நடக்க, பச்சை வண்டி ஒரு வளைவு முன்னால் ஏறிப் போய் நிழலில் நிற்கும். சுந்தர்சிங் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காத்திருப்பார். இவர்கள் வந்து சேர்ந்ததும் வண்டி அடுத்த வளைவுக்குப் போகும். இறங்கி வந்த பஸ்ஸில் இருந்தவர்கள், கார் ரிப்பேரா என்று கேட்டார்கள். "இல்லப்பா, நாங்க நடக்கறோம், அது துணைக்கு வருது" என்றாள் அங்காளம்மாள்.

நடையில்தான் டீச்சருக்கு மலை கிடைத்தது. பாறையில் கசியும் நீர், காரில் போயிருந்தால் தெரியாத பட்டாம்பூச்சிகள், ஒவ்வொரு வளைவிலும் ஒரு படி குறையும் வெயில். பத்தாவது வளைவில் குரங்கு ஒன்று அங்காளம்மாளின் தலைப்பூவைப் பறித்துக்கொண்டு போனது. அவள் அதைத் துரத்திக்கொண்டு பத்தடி ஓடி, திட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். டீச்சர் சிரித்துச் சிரித்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேலே போய்ச் சேர மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. புங்கனூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த எலுமிச்சம் சாதத்தைப் பிரித்தார்கள். அங்காளம்மாள் மட்டும் சாப்பிடாமல் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"காது அடைச்சுக்கிச்சு போல கீது டீச்சரம்மா."

"உயரம் ஏறினா அப்படித்தான். எச்சிலை முழுங்கு."

முழுங்கினாள். "அது இல்ல. சத்தமே இல்ல இங்க. குப்பத்துல அலை, உங்கூர்ல பஸ்ஸு. பொறந்ததுலேர்ந்து சத்தம் இல்லாம நான் இருந்ததில்ல." பிறகு கேட்டாள், "கடலு எந்தப் பக்கம்?"

டீச்சர் கிழக்கே கையை நீட்டினார். அங்காளம்மாள் எழுந்து நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியல."

"தெரியாது. நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கு."

"நல்லது" என்று சொல்லி உட்கார்ந்தாள். இரண்டு கவளம் சாப்பிட்டாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்நேரம் போட்டு கரைக்கு வந்திருக்கும். ஏலத்துல யாரு நிக்கறாளோ" என்றாள். அதற்கப்புறம் முகம் தெளிந்து, ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இறங்கும்போது மூன்று பேரும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சுந்தர்சிங் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். டீச்சர் ஜவ்வாது மலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாயங்கால வெயிலில் அதன் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சம உயரக் கோடுகளை யாரோ பாறைமேல் வரைந்து வைத்த மாதிரி. வாந்தி வரவில்லை. ஆம்பூரில் சுந்தர்சிங்கும் அங்காளம்மாளும் பிரியாணி சாப்பிட, டீச்சர் லெந்து என்பதால் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் ஆபேல் சார் ரசம் வைத்துக் காத்திருந்தார். "எப்படி இருந்தது?" என்றார்.

"அஞ்சாவது வளைவுல வாந்தி எடுத்தேன்."

ஆபேல் சார் கரண்டியைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா நான் நடிக்கிறேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"இப்ப என்ன சொல்றே?"

"இனிமே சொல்லமாட்டேன்."

ஆபேல் சார் கரண்டியை மறுபடி எடுத்தார். அங்காளம்மாளுக்கும் சேர்த்து மூன்று தட்டு எடுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லெந்துக்கும் டீச்சர் ஒரு மலை ஏறினார். இரண்டாயிரத்து ஏழில் ஜவ்வாது. அதற்கும் அங்காளம்மாள் கூடவே போனாள். அடுத்த வருஷம் கொல்லிமலை; அப்போது அவள் மகள் துர்காவுக்குப் பிரசவ நேரம் என்பதால் வரவில்லை. எழுபது வளைவு கொண்ட பாதை அது. டீச்சர் முடிந்தவரை நடந்தார், முடியாதபோது முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.

போன வருஷம் ஏற்காடு. கிளம்பும்போது ஆபேல் சாரும் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்து, "அடிவாரம் வரைக்கும் வரேன்" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. சேலத்தைத் தாண்டி, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் பேப்பரோடு அவரை இறக்கிவிட்டு வண்டி மேலே போனது. சாயங்காலம் டீச்சர் கீழே வந்தபோது, அந்த டீக்கடைக்காரரின் சொந்த ஊர், அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் ஆபேல் சாருக்குத் தெரிந்திருந்தது. திரும்பும் வழியில் திண்டிவனம் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தது அவர்தான்.