சணல் மலையேறிய காலம்

லாரியின் பின்கதவைத் திறந்து சாக்குக் கட்டு ஒன்றைக் கீழே உருட்டிவிட்டால் "தொம்" என்று ஒரு சத்தம் எழும். பக்கத்து பேக்கரியில் வர்க்கி அடுக்கியிருக்கும் கண்ணாடிப் பெட்டி ஒருமுறை அதிர்ந்து நிற்கும். பேக்கரிக்காரர் தலையை வெளியே நீட்டி எங்கள் அப்பாவை முறைத்துவிட்டு உள்ளே போவார். குன்னூர் மார்க்கெட்டின் கீழ்வரிசையில் இருந்த எங்கள் கடையை ஊரே "சாக்குக் கடை" என்றுதான் சொல்லும். பெயர்ப்பலகையில் வேறு ஏதோ எழுதியிருந்தது. அதை யாரும் நின்று படித்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் மலையில் தேயிலை விளைகிறது, கேரட் விளைகிறது, உருளைக்கிழங்கு விளைகிறது. ஆனால் இவற்றையெல்லாம் கட்டிக் கீழே அனுப்புவதற்கான நார் முழுக்கக் கீழேயிருந்துதான் வர வேண்டும். சணல் சாக்கு வங்காளத்திலிருந்து ரயிலில் கோயமுத்தூர் வந்து, அங்கிருந்து லாரியேறி, பர்லியார் வளைவுகளில் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வரும். தேங்காய் நார்க் கயிறு பொள்ளாச்சியிலிருந்து வரும். இலவம்பஞ்சும் சமவெளிச் சரக்குதான். லாரியில் எது ஏறி வருகிறது என்பதை வைத்தே மலையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். சாக்கும் கயிறும் சேர்ந்து வந்தால் கேரட் அறுக்கிறார்கள். பஞ்சு வந்தால் குளிர் நெருங்குகிறது, அல்லது எங்கோ ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு மெத்தை தைக்கிறார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் லாரிகளில் புதிதாக ஒன்று ஏறி வரத் தொடங்கியது. அதற்கு "வெள்ளைச் சாக்கு" என்று பெயர். பிளாஸ்டிக்கில் நெய்தது, எடையே இல்லாதது, மழையில் நனைந்தாலும் உதறினால் காய்ந்துவிடுவது. தேயிலை ஃபேக்டரிகள் ஏற்கெனவே காகிதப் பைக்கு மாறியிருந்தன. இப்போது கேரட் வியாபாரிகளும் ஒவ்வொருவராக எங்கள் கடையைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். அப்பாவோ நிலவரம் தெரியாமல் ஒரு லாரி நிறையச் சணல் சாக்கை அப்போதுதான் இறக்கியிருந்தார். இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய கட்டுகள் கூரைவரை நின்றன.

அப்பா சாதுவான மனிதர். எதிலும் கெட்டதே நடக்கும் என்று கணக்குப் போடுவார். பொள்ளாச்சியில் பெரியப்பா கயிறு மில் நடத்திக்கொண்டிருந்தார், அங்கே வந்துவிடச் சொல்லி அழைத்தார். கோயமுத்தூர் மொத்த வியாபாரியும், கட்டுப் பிரிக்காத சரக்காக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எனக்கு டிசி வாங்குவது என்று முடிவாயிற்று. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுது பார்த்தேன், பலிக்கவில்லை. அம்மா மட்டும் எதுவும் பேசவில்லை. எங்கள் அம்மா தங்கமணி எதுவும் பேசவில்லை என்றால் அவளுக்கு அதில் சம்மதமில்லை என்று பொருள்.

அப்பா குடியிருக்க வீடு பார்ப்பதற்காகப் பொள்ளாச்சி போயிருந்த ஒரு காலையில் போஜன் வந்தார். கேத்திப் பள்ளத்தாக்கில் சின்னதாக நிலம் வைத்திருந்தவர், எங்கள் பழைய வாடிக்கைக்காரர். கயிறு வாங்கத்தான் வந்தார், ஆனால் வாங்காமல் உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் உறைபனி முன்னதாகவே இறங்கிவிட்டது. கிழங்கு போட்டுக்கொண்டிருந்த நிலம் முழுவதிலும் அவர் புதிதாகத் தேயிலைக் கன்று நட்டிருந்தார். ஒரே இரவுப் பனியில் ஓரத்து வரிசைகள் வெந்நீர் ஊற்றியதுபோலக் கருகிப்போயின. மூடிவைக்கப் பெரணித் தழைகூடச் சுற்றுவட்டத்தில் மிச்சமில்லை என்றார். பழைய சாக்கு இருந்தால் விரித்து மூடலாம், அத்தனை பழைய சாக்குக்கு எங்கே போவது என்றும் சொன்னார்.

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு கூரைவரை நின்ற கட்டுகளைப் பார்த்தாள். என்னிடம் பட்டை வெட்டும் கத்தரியை எடுத்து வரச் சொன்னாள்.

"புதுசு வேண்டாமுங்கம்மா, அண்ணன் வந்தா கோவிச்சுக்குவாரு" என்று போஜன் எழுந்து நின்றுவிட்டார்.

"கோவிச்சா நான் பார்த்துக்கறேனுங்க. கட்டுக்குள்ளயே கெடந்து இது என்ன பண்ணப்போகுது? நீங்க போயி ஜீப்பைக் கொண்டாங்க."

இரும்புப் பட்டை அறுந்ததும் கட்டு பெருமூச்சு விட்டதுபோல உப்பியது. அடுத்து நடந்ததுதான் என் பள்ளிப் பருவத்தின் ஆகப்பெரிய சந்தோஷம். சாக்கின் ஓரத்தில் சரியான நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் தையல் முழுவதும் "சர்ர்ர்" என்று ஒரே மூச்சில் பிரிந்து, சாக்கு இரண்டு பங்கு அகலத் துணியாக விரியும். தப்பான நுனியை இழுத்தால் முடிச்சு விழும். மதியம்வரை அம்மாவும் நானும் போட்டி போட்டுக்கொண்டு பிரித்தோம். உடம்பெல்லாம் அரித்தது. பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தங்கமணிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று என்னிடமே ரகசியமாக விசாரித்தார்.

கேத்தியில் போஜனின் ஹட்டியே, ஊர்ச்சனம் முழுவதும், தோட்டத்தில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் குச்சி நட்டு, அதன்மேல் சாக்கை விரித்து, ஓரத்தில் கல் வைத்து, வெயில் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் முடித்துவிட்டோம். அன்று போஜன் வீட்டிலேயே தங்கினோம்.

காலையில் கதவைத் திறந்தபோது பள்ளத்தாக்கில் யாரோ உப்பை அள்ளிக் கொட்டியிருந்தது போல இருந்தது. சாக்குகள் பலகையாக விறைத்துக் கிடந்தன. போஜன் மெதுவாக ஒன்றைத் தூக்கினார். அது மடங்காமல் தட்டுபோல முழுசாக வந்தது. அடியில் இலை பச்சையாக இருந்தது. போஜனின் மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் குழந்தைகள் விறைத்த சாக்குகளை வரப்பில் வரிசையாக நிமிர்த்தி நிற்கவைத்து, ஒன்றைத் தள்ளினால் எல்லாம் சாய்வதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் முதல் பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கி வந்தார். முந்தின சாயங்காலமே ஊருக்குத் திரும்பி, பூட்டிக் கிடந்த கடையைப் பார்த்து, பேக்கரிக்காரரிடம் கதை முழுவதையும் கேட்டிருக்கிறார். வரப்பில் நின்று தோட்டத்தைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது.

"ஏனுங்க, வந்துட்டீங்களா? இந்த ஓரத்தைச் சித்தெ புடிங்க" என்றாள் அம்மா, எதுவுமே நடக்காததுபோல.

அப்பா குனிந்து பிடித்தார். விறைத்த துணியைத் திருப்பிப் பார்த்தார். "தையலைப் பிரிச்சுப்போட்டயா?"

"ஆமாங்க."

"எல்லாத்தையுமா?"

"பாதிதானுங்க. இந்த ஹட்டியில மத்தவங்களும் கேக்கறாங்க. மீதியைப் பொழுது சாயறதுக்குள்ள பிரிக்கோணும்."

அப்பா அந்தப் பச்சை இலைகளைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். "அப்ப பொள்ளாச்சிக்குப் போன் போட்டு அண்ணன்கிட்ட நாங்க வரலீன்னு சொல்லிப்போடறேன்" என்றார். நான் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே பக்கத்து ஹட்டிக்காரர்களும் கடை தேடி வந்தார்கள். "பனிச்சாக்கு" என்ற பெயர் அப்படித்தான் உண்டானது. கார்த்திகை கடைசியில் வாடகைக்குப் போகும் சாக்குகள் மாசியில் மண்வாசனையோடு திரும்பும். அதற்குப் பின் லாரியில் ஏறி வந்தவை பலமுறை மாறின. சணல் குறைந்து நைலான் கயிறு வந்தது. மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும் துணிப்பை கட்டுக்கட்டாக ஏறியது. பூ வளர்க்கும் பசுமைக்குடில்களுக்காகத் தேங்காய் நார்த்தூளைச் செங்கல்போல அழுத்திக் கொண்டுவந்தார்கள். இப்போது மண் சரியும் மேடுகளில் விரிப்பதற்குக் கயிற்று வலை வருகிறது. வெள்ளைச் சாக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அம்மா எதையும் வேண்டாமென்று சொல்லாமல் எல்லாவற்றையும் விற்றாள். அவளும் அப்பாவும் இன்றும் கடையில் உட்காருகிறார்கள்.

நான் கோயமுத்தூரில் வேலைக்குப் போகிறேன். போன மாதம் என் மகளின் பள்ளியில் விளையாட்டு விழாவுக்குச் சாக்கு ஓட்டம் வைத்தார்கள். பிளாஸ்டிக் சாக்கு வழுக்குகிறது, சணல் சாக்குதான் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். சாக்குக் கடைக்காரர் பேத்திக்குச் சாக்குப் பஞ்சமா என்று அம்மாவுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் அம்மா வெகுநேரம் சிரித்தாள். கடையில் ஒரு சணல் சாக்குகூட இல்லை, கேட்டு வருபவரும் இல்லை, பனிக்குக்கூட இப்போது வலைத்துணிதான் விரிக்கிறார்கள் என்றாள். கடைசியில் நெல்லியாளத்தில் மிளகு வாங்கி விற்கும் ஒருவரிடம் கேட்டு, ஒரே ஒரு சாக்கைப் பெற்று, பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

எவ்வளவு உதறியும் அதிலிருந்து மிளகு போகவில்லை. விசில் ஊதியதும் என் மகள் ஒரு குதி, ஒரு தும்மல் என்று போனாள். ஒவ்வொரு தும்மலும் அவளை ஒரு முழம் முன்னால் தள்ளியதால் இரண்டாவதாக வந்தாள், மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிய. அந்தச் செய்தியைச் சொல்ல அன்று சாயங்காலமே அம்மாவை அழைத்தேன். பரிசு கிடைத்ததைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதலில் கேட்டது வேறு.

"சாக்கு கிழியலையே கண்ணு? நாளைக்கே பஸ்ஸுல குடுத்துடு. இரவல் சாக்கு அது."