மறதிக்கு ஒரு பகடை

வார நாட்களில் அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சீட்டுப் போட்டிகளில் நடுவர். பூதமும் மந்திரமும் படம் போட்ட சீட்டுகள். ‘உன் முறை தொடங்கும்போது இது நடக்கும்’ என்று பல சீட்டுகளில் எழுதியிருக்கும். ஆடுகிறவன் அதைச் சொல்ல மறந்தால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் தலைவலி. மறந்தது அவனுக்கு லாபமானது என்றால் நடுவர் வாய் திறக்கக் கூடாது. அவனுக்குக் கெடுதலானது என்றால் நிறுத்தி எச்சரிக்க வேண்டும். வேண்டுமென்றே மறந்தால் வெளியே அனுப்ப வேண்டும்.

கண்ணெதிரே ஒருவன் கையில் இருந்த வெற்றியை மறந்து தோற்பான். இவர் பிடித்து வைத்த பிள்ளையாராக நிற்பார். அதனால் நாங்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு.

அவர் மனைவியின் தம்பியும் ஆடுவான். தொடக்கத்தில் தனக்கு லாபமானதையெல்லாம் மறந்து மறந்து தோற்றான். அக்காள் புலம்ப, வாய்ப்பூட்டுதான் ஒரு சிவப்புப் பகடையைக் கொடுத்தார்.

“அடுத்த முறை ஏதாவது நடக்கணும்னா இதை உன் சீட்டுக்கட்டு மேல வை. சீட்டு எடுக்கப் போறப்ப கையில தட்டும். ஞாபகம் வந்துடும்.”

அதன்பின் அவனுக்கு ஏறுமுகம். இந்த ஆண்டு அரையிறுதி வரை வந்துவிட்டான். ஜெயித்தால் வெளிநாட்டுப் போட்டியில் இடம். உறவு என்பதால் அந்த மேசையை என்னிடம் விட்டுவிட்டு, வாய்ப்பூட்டு பின்னால் தள்ளி நின்றார்.

அவன் முறை வந்தது. அவனுடைய சீட்டே அவன் உயிர்ப்புள்ளியில் மூன்றைக் குறைக்க வேண்டும். குறைத்தால் பூஜ்யம், தோல்வி. ஒன்றும் சொல்லாமல் சீட்டை எடுத்தான். நான் நிறுத்தினேன்.

“ஐயோ சார், மறந்தே போச்சு!” நெஞ்சில் கை வேறு. நானும் நம்பி, எச்சரிக்கையோடு விடப் பார்த்தேன்.

“பகடை கட்டு மேல இருந்துச்சு,” என்றார் வாய்ப்பூட்டு பின்னாலிருந்து. “அதை எடுத்து ஓரமா வச்சுட்டுத்தான் சீட்டு எடுத்தான். எதுக்கு வச்சோம்னு தெரியாமலா எடுத்தான்?”

மேசையில் அவன் இறக்கி வைத்திருந்தது அந்த ஒரே சீட்டுதான். அந்தப் பகடை இந்த ஒன்றுக்குத்தான்.

அவன் வெட்கப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பல்லைக் காட்டினான். “மாமா, விடுங்க. வீட்ல பேசிக்கலாம்.”

போட்டியை விட்டே வெளியே அனுப்பினேன். சுற்றி நின்ற கூட்டம் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தது. “சொந்த மச்சானையே காட்டிக் குடுத்துட்டாரே!” என்றார்கள். திருடனுக்குப் பரிவு, பார்த்தவனுக்குப் பழி. தூ!

அடுத்த ஞாயிறு வாய்ப்பூட்டு கன்னம் ஒட்டிப்போய் வந்தார்.

“என்னண்ணே, வீட்ல சண்டையா?”

“சண்டை போட்டாத் தேவலையே. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ‘அவன் மறந்த மாதிரி நீங்களும் மறந்திருக்கக் கூடாதா?’ன்னு. அதோட பேச்சை நிறுத்திட்டா.”

“சாப்பாடு?”

“அதெல்லாம் போடறா. தட்டுல முதல்ல அந்தப் பகடையை வைக்கிறா. நான் அதை எடுத்து ஓரமா வச்சுட்டுச் சாப்பிடணுமாம்.”

“எடுத்தீங்களா?”

“இன்னும் இல்ல,” என்றார்.