வெறும் சாயல்

சாயல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் இரத்தம் கொதிக்கும்.

போர்க்காலத்தில் திருகோணமலையில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தேன். நிலாவெளி மண்ணில் எடுத்த பக்டீரியாவின் ஒவ்வொரு மரபணுவும் என்ன வேலை செய்கிறது என்பதை, உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட பொதுச்சொற்களில் பதிய வேண்டும். சொல்லுக்குப் பக்கத்தில் ஆதாரமும் வேண்டும்: சோதித்துக் கண்டதா, வேறொரு கிருமியின் சாயலை வைத்துச் சொன்னதா என்று.

ஒருநாள் காலை சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அவர்கள் தேடுகிற எவனையோ போல இருக்கிறேனாம். மத்தியானம் வரை வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போகவிட்டார்கள்.

வேலைக்கு வந்தால், எங்கள் பொறுப்பாளர் ஒரு மரபணுவுக்கு ‘நோய் உண்டாக்குவது’ என்று பதிந்திருந்தார். ஆதாரத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது.

“ஆர் சேர் சோதிச்சது?”

“ஒருத்தரும் இல்லை. நோய்க்கிருமியின்ர மரபணு மாதிரியே கிடக்கு. பிறகென்ன?”

“அப்ப வெறும் சாயல் எண்டு போடுங்கோ!” மேசையில் ஓங்கி அடித்தேன்.

“ஒரு கிருமிக்கு ஏன் ஐசே இந்தக் கத்துக் கத்துறீர்?”

“கிருமிக்கெண்டாலும் அப்பிடி எழுத ஒரு இடம் இருக்கு, சேர். காலமை என்னைப் பிடிச்சவங்களிட்ட அதுவும் இல்லை.”