வெறும் வேரைக் கேட்ட மெஹருன்னிசா

“முளை வுட்டுச்சு டீச்சர். அப்புறம் இன்னாத்துக்கு அப்படியே நின்னு போச்சு?”

மலையில் புதூர்நாட்டுக்கு மேலே ஒரு சிற்றூரில், சாமை விதைத்த கொல்லையின் ஓரத்தில் நின்றுகொண்டு பொன்னம்மா என்ற பெண் கேட்ட கேள்வி இது. கேட்டது மெஹருன்னிசாவிடம். போன வாரம் வாணியம்பாடியிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் அழைத்தார். “அக்கா காலையில தொழுதுட்டு உக்காந்தாங்க சார், அப்படியே போய்ட்டாங்க” என்றார். போனை வைத்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கேள்விதான்.

உங்களில் பலருக்கு அவரைக் கல்லூரிப் பேராசிரியராகத் தெரியும். அதற்கு முன்பு சில ஆண்டுகள் அவர் எங்கள் மலைப் பள்ளியில் என்னுடன் அறிவியல் ஆசிரியராக இருந்தார். தோல் வியாபாரக் குடும்பத்துப் பெண். மலைப்பாதை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. “ஜீப்ல ஏறினா வாந்தி, இறங்கினா பாடம். இதான் சார் என் வாழ்க்கை” என்று தன்னையே கேலி செய்துகொள்வார். எண்பதுகளின் நடுவில் வேலையை விட்டுவிட்டு, கீழே நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வளரும் வேரின் நுனியில் எவ்வளவு செல்கள் பெருகுகின்றன என்பதை ஒளிரும் சாயத்தைக் கொண்டு நுண்ணோக்கியில் அளப்பது அவருடைய ஆய்வு. அதற்குச் சாமை வேர் தேவைப்பட்டு மறுபடி மலைக்கு வந்தபோதுதான் பொன்னம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆண்டு முதல் மழைக்கு விதைத்த சாமை ஊர் முழுவதும் முளைத்தது. முளைத்த பின் அங்குலம்கூட வளராமல் வெளுத்து மடிந்தது. வீடுகளில் இன்னும் ஒரு விதைப்புக்கு மட்டும் விதை மீதி இருந்தது. அடுத்த மழைக்கு அதையே விதைக்க வேண்டும் என்றார் ஊர்க்கவுண்டர் வெள்ளையன்.

“மழை ஏமாத்திடுச்சு. வெத மேல இன்னா குத்தம்? ஈரத்துணியில போட்டுப் பாரு, மொத்தமும் முளைக்குது!”

பொன்னம்மா விடவில்லை. “அப்பவும்தான் முளைச்சுது. இதையும் கொட்டி இதுவும் நின்னுட்டா, சோத்துக்கும் இல்ல, அடுத்த வருசம் வெதைக்கும் இல்ல. அப்ப நீங்களா குடுப்பீங்க?”

 

மெஹருன்னிசா ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி விதை கேட்டு வாங்கினார். வாங்கும்போது, எதில் வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டார். முந்தைய அறுவடைக்குப் பிறகு கவுண்டர் சந்தையிலிருந்து மூடியுள்ள தகர டின்கள் வாங்கி வந்திருந்தார். பளபளவென்று இருந்ததால் பெரும்பாலான வீடுகளும் டின்னுக்கு மாறின. முன்பு தானியம் சேமிக்கும் மண் குதிர் இருந்த அதே இடத்தில், அடுப்புக்கு மேலே பரணில், டின்னையும் ஏற்றினார்கள். பொன்னம்மாவும் ஒரு டின் வாங்கியிருந்தார். டின் நிறைந்த பிறகு மீந்ததைப் பழைய மண் குதிரில் கொட்டியிருந்தார். ஒரே கொல்லை, ஒரே அறுவடை, இரண்டு பாத்திரம். இதைக் கேட்டதும் மெஹருன்னிசாவின் கண் விரிந்ததைப் பார்த்தேன். “சார், நான் ஆசைப்பட்டாலும் இப்படி ஒரு சோதனையை அமைச்சிருக்க முடியாது” என்றார்.

முளைத்தது ஏன் வளராமல் போகும்? எனக்கே அப்போது புரியவில்லை. அவர் ஒரு பலூனை உதாரணம் சொன்னார். ஊதினால் பலூன் பெரிதாகிறது, ஆனால் புது ரப்பர் எதுவும் உண்டாவதில்லை. விதைக்குள் ஏற்கெனவே இருக்கும் செல்கள் தண்ணீரைக் குடித்து உப்பினாலே முளை வெளியே எட்டிப்பார்த்துவிடும். மேற்கொண்டு வளர வேண்டுமானால் புதுச் செல்கள் பிறக்க வேண்டும். பிறக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

அதை அறியும் வழியை, வீடு கட்டுவதைப் பார்த்திருக்கும் யாருக்கும் சொல்லிவிடலாம். செல் இரண்டாகும் முன் தன் மரபுப் பொருளான டி.என்.ஏ.வை இன்னொரு படி எடுக்கிறது. அது செங்கல் அடுக்குவது போன்ற வேலை. அந்த நேரத்தில், அசல் செங்கல் போலவே தோன்றும் ஒரு போலிச் செங்கல்லைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோம். புரோமோடீஆக்ஸியூரிடின் என்று அதற்கு நீண்ட பெயர். கட்டிக்கொண்டிருக்கும் வீடு மட்டும் அதை எடுத்துச் சுவரில் வைத்துக்கொள்ளும். கட்டாத வீடு தொடாது. பிறகு, அந்தப் போலிச் செங்கல்லை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தில் பச்சையாக ஒளிரும் சாயத்தை ஒட்டி அனுப்புகிறோம். எல்லா உட்கருவையும் காட்ட ஒரு சிவப்புச் சாயமும் உண்டு. நுண்ணோக்கியில் சிவப்புக்கு நடுவே எத்தனை பச்சை என்று எண்ணினால், பெருகும் செல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

போலிச் செங்கல் ஏறிய செல்லுக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் பள்ளியின் வரைபட அறைச் சன்னல்களில் விடுதிப் போர்வைகளைக் கட்டி இருட்டாக்கி, அங்கே முளைகளை ஊற வைத்தோம். எதிர்ப்புரதம் வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வந்த ஒரு சிறு குப்பிதான். அது அவருடைய பட்டத்துக்கான ஆய்வுக்கு வந்தது. “பட்டம் உனக்கா, சாமைக்கா?” என்று அவருடைய வழிகாட்டி கேட்டாராம். “முதல்ல சாமை வாங்கட்டும் சார், அப்புறம் நான் வாங்கிக்கறேன்” என்றாராம் இவர்.

வேர்களை ஸ்பிரிட்டில் போட்டுக்கொண்டு நாங்கள் கீழே இறங்கியபோது கவுண்டரும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். “எங்க டின்னப் பத்திப் பேச்சு. நான் இல்லாம எப்படி?” என்றார்.

ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் முதலில் வைத்தது டின் விதையின் வேர். நான்தான் கண்ணை வைத்தேன். பார்த்த இடமெல்லாம் பச்சை. “டீச்சர், ஜொலிக்குது!” என்று கத்தியேவிட்டேன். கவுண்டரும் குனிந்து பார்த்தார். “பாத்தீங்களா வாத்தியாரே! டின்னு டின்னுதான்! நான் இப்பவே மேல போய்ட்டு வெதைக்கச் சொல்லிடறேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மெஹருன்னிசா நாற்காலியை விட்டு அசையவில்லை. “வெறும் வேரை வைங்க சார்” என்றார்.

வெறும் வேர் என்றால், போலிச் செங்கல்லே கொடுக்காத வேர். மற்ற எல்லாம் அதற்கும் செய்திருந்தோம். அது இருட்டாக இருக்க வேண்டும். வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே ஜொலித்தது.

“வெறும் வேரே எரியுதுன்னா, அது இன்னும் நல்ல வேருன்னு அர்த்தம் இல்லியா?” என்றார் கவுண்டர், பாதி விளையாட்டாக.

“கவுண்டரே, உங்க தெருவுல எல்லா வூட்லயும் சீரியல் லைட்டு எரியுது. எந்த வூட்ல கல்யாணம்னு எப்படிச் சொல்வீங்க?” என்றார் மெஹருன்னிசா.

கவுண்டர் மறுபடி உட்கார்ந்தார். தோளில் போட்ட துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “செரி, மத்த லைட்ட அணைங்க” என்றார். அறையில் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

சாமை வேரின் செல்சுவருக்குத் தானாகவே ஒரு மினுமினுப்பு உண்டு. அதோடு ஒட்டாமல் தங்கிய சாயமும் சேர்ந்து எங்களை ஏமாற்றியிருந்தது. மெஹருன்னிசா மீதமிருந்த வேர்களின் செல்சுவர்களை நொதியில் நன்றாகக் கரையவிட்டு, உட்கருக்களை மட்டும் கண்ணாடியில் பரப்பி, சாயமேற்றி, மறுபடி மறுபடி கழுவினார். குப்பி காலியானது. மறுநாள் வெறும் வேரைத்தான் முதலில் வைத்தோம். பச்சை இல்லை. அடுத்து டின் விதை. சிவப்பு உட்கருக்கள் பரவிக் கிடந்தன, பச்சையைத் தேடித் தேடித்தான் காண முடிந்தது. கடைசியாக, பொன்னம்மாவின் குதிர் விதை. சிவப்புக்கு நடுவே கொத்துக் கொத்தாகப் பச்சை! மெஹருன்னிசா எழுந்து நின்று, சின்னப் பெண்ணைப் போல இரண்டு கையையும் தட்டினார். “கட்டறாங்க சார், கட்டறாங்க! வூடு வூடா கட்டறாங்க!”

காரணத்தைக் கவுண்டரே சொன்னார். அடுப்புக்கு மேலே வைத்தால் புகை பட்டுப் பூச்சி வராது என்பது மலையின் வழக்கம். மண் குதிர் சூட்டில் விதையின் ஈரத்தை வெளியே விட்டுவிடும். மூடிய டின்னுக்குள் புகையும் போகவில்லை, ஈரமும் வெளியே வரவில்லை. பல மாதம் விதை உள்ளேயே வெந்திருக்கிறது. “அழகா இருக்குதுன்னு வாங்கினேன். இட்லியாட்டம் அவிச்சு வெச்சிருக்கேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவரே ஊர் கூட்டினார். குதிர் வைத்திருந்த வீடுகள், டின் மட்டும் வைத்திருந்த வீடுகளுக்கு விதை பகிர்ந்தன. நெருக்கி விதைக்காமல், இருப்பதை எல்லாக் கொல்லைக்கும் பரப்பினார்கள். மழை வந்தது. முளை வந்தது. போன முறையும் இதுவரை வந்ததுதான். மூன்றாவது இலை விரிந்த அன்று பொன்னம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, “வாத்தியாரே, நிக்கல! போய்க்கினே இருக்குது!” என்று கத்தினார். வகுப்பு நடத்துவதை விட்டுவிட்டு நானும் ஓடினேன். அறுவடை முடிந்ததும் மெஹருன்னிசாவை வரவழைத்து மேளம் அடித்துக் கொல்லையைச் சுற்றிக் காட்டினார்கள். ஜீப்பில் வாந்தி எடுத்துக் களைத்து வந்தவர், மேளத்துக்கு முன்னால் நிமிர்ந்து நடந்தார்.

அன்று அவர் நுண்ணோக்கியில் எடுத்த வண்ணப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். பொன்னம்மா அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா டீச்சர் இது, கார்த்திகை தீபமாட்டம்?”

“உங்க வூட்டு சாமைதான்.”

“இம்மாம் வெளக்கு எங்க வூட்லியா எரிஞ்சுது!” என்றவர், படத்தைத் திருப்பித் தரவேயில்லை. மெஹருன்னிசா பட்டமும் பெற்றார். வாய்மொழித் தேர்வில், இவ்வளவு அரிய குப்பியை ஏன் சாமைக்குச் செலவழித்தீர்கள் என்று கேட்டவரிடம், “அவங்களுக்கு விதைக்கிற நாள் வந்துடுச்சு, எனக்கு வரல” என்றாராம். அந்த ஊரில் இன்றும் அந்தச் சாமை விளைகிறது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். எது ஜொலித்தாலும், ஒன்றும் செய்யாததை முதலில் பார்ப்பது. முப்பது ஆண்டு வகுப்பறையில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அது கைவர வேண்டும் என்பது என் ஆசை. அதனால் ஒன்று செய்யுங்கள். நோட்டு நல்லதா கள்ள நோட்டா என்று பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்து, இருட்டறையில் அந்த விளக்கைக் காட்டிப் பாருங்கள். ஆனால் மஞ்சளை வைப்பதற்கு முன், வெறும் தாளில் விளக்கைக் காட்டுங்கள்.