அம்மா தின்று காட்டிய சீனி மிட்டாய்

எங்கள் தொழிலில் பொய் சொல்ல வாய் வேண்டாம், வீட்டில் நாலு முகம் இருந்தால் போதும்.

வாசலில் இரண்டு பேர்

"ஃப்ளெக்ஸுல இருக்க அம்மா வீடு இதுதானா தம்பி?"

கேட்டவர் பெயர் வெள்ளைச்சாமி. நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், கொஞ்சம் ஆடு, கொஞ்சம் மானாவாரி நிலம். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மனைவி பஞ்சவர்ணம். வலது பாதத்தைப் பழைய சேலைத் துணியால் சுற்றியிருந்தார்கள். இடது காலில் மட்டும் செருப்பு. துணிக்குள்ளிருந்து வந்த வாடை வாசப்படி வரைக்கும் வந்தது.

சர்க்கரைப் புண். விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போகணும், பெருவிரலை எடுக்கணும், விட்டால் பாதம் போய்விடும் என்று அவர்கள் ஊர்ப் பக்கத்து நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். கிளம்பியும் விட்டார்கள். அருப்புக்கோட்டையில் பஸ் மாறும்போது எங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரே பத்தடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள் அம்மா. பக்கத்தில், 'பதினைந்து வருடச் சர்க்கரை, மூன்றே மாதத்தில் போச்சு!' கீழே ஒரு மூலிகை வைத்தியசாலையின் பெயர். அங்கேயே போய் விசாரித்திருக்கிறார்கள். சந்தேகம் என்றால் அந்தம்மாவையே நேரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்பா 'மக்கள் தொடர்பு' தொழில் செய்கிறார். கடைத் திறப்போ இலவச முகாமோ, ஆள் கூட்டுவது, போட்டோ எடுப்பது, பேப்பருக்குச் செய்தி எழுதிக் கொடுப்பது, ஃப்ளெக்ஸ் கட்டுவது எல்லாம் நாங்கள்தான். பாளையம்பட்டி வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அந்த வைத்தியசாலைதான் இருப்பதிலேயே பெரிய கஸ்டமர்.

அப்பா அடுப்படிக்கு வந்தார். அம்மா அப்போதுதான் இன்சுலின் போட்டுவிட்டு ஊசிக்கு மூடி மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சர்க்கரை போகவே இல்லை. அப்பா குரலைத் தாழ்த்தி என்னிடம், "சீனி மிட்டாயைத் தட்டுல வச்சு எடுத்துட்டு வாலே" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். அம்மா அவர்கள் முன்னால் உட்கார்ந்து இரண்டு மிட்டாய் தின்றாள். பாகு ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நல்லா இருக்கேங்க, எல்லாம் சாப்புடுறேன்" என்றாள்.

வெள்ளைச்சாமிக்கு அப்போதும் முழுசா மனசு வரவில்லை. விருதுநகர் பஸ்ஸுக்கு நேரமாவதாகச் சொன்னார். முடிவு பண்ணியது பஞ்சவர்ணம்தான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க சொன்னாச் சரி தாயி. பொம்பளைக்குப் பொம்பள பொய் சொல்ல மாட்டீக."

முதல் மாணவன்

வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோறு தின்னும் தட்டுக்குப் பக்கத்தில் கஸ்டமர் செருப்பு கிடக்கும். எங்கள் வீட்டில் அது போதாதென்று, நாங்களே சரக்காகவும் இருந்தோம். வெளியாளை வைத்துப் போட்டோ எடுத்தால் நாளைக்கு வாய் மாறிவிடுவான் என்பது அப்பாவின் கணக்கு. அதனால் போர்வெல் கம்பெனிக்கு அப்பாவே பச்சைத் துண்டு போட்ட விவசாயி. தையல் பயிற்சிக்கு அக்கா.

நான் ஒரு டியூஷன் சென்டரின் முதல் மாணவன். பிளஸ் டூ-வில் இரண்டு பாடம் ஃபெயிலாகி, திரும்ப எழுத மாட்டேன் என்று நின்றுவிட்ட வருசம்தான் அது. பெயரை மட்டும் மாற்றி, 'விடாமுயற்சியே வெற்றி' என்று என் தலைக்கு மேல் போட்டிருந்தார்கள். பழைய கணக்கு வாத்தியார் டீக்கடையில் என்னைக் கூப்பிட்டார். எதிரே ஃப்ளெக்ஸில் தொங்கிய என்னை ஒரு தரம் பார்த்தார், பெஞ்சில் இருந்த என்னை ஒரு தரம் பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை. டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவன் நல்லாப் படிக்கிறான்டா, அவன்கூடச் சேரு."

விருதுநகர் மருந்துக் கடை

அம்மாவுக்குச் சர்க்கரை போய்விட்டதால், அருப்புக்கோட்டையில் அவளுக்கு இன்சுலின் வாங்க முடியாது. மருந்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். பாதிப் பேர் கஸ்டமர். அதனால் மாசம் இரண்டு தரம் நான் எவர்சில்வர் தூக்குவாளியில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறுவேன். பாலவனத்தம் தாண்டுவதற்குள் பாதி ஐஸ் தண்ணியாகிவிடும். திரும்பி வரும்போது மருந்து சூடாகாமல் இருக்க மடியிலேயே வைத்து, ஈரத்துணி சுற்றி வருவேன்.

ஒருநாள் அம்மாவிடம் கத்தினேன். ஊர் அறிய ஊசி போட்டுக்கொண்டால் என்ன, செத்தா போய்விடுவோம் என்று கேட்டேன். "ஃப்ளெக்ஸை இறக்கிட்டா உங்கப்பா நாளைக்கு யாரு முகத்துல முழிப்பாரு?" என்றாள். இதற்குப் பதில் தெரிந்திருந்தால் பிளஸ் டூ-வும் பாஸாகியிருப்பேன்.

விருதுநகர் மருந்துக் கடைக்காரர் ஆறு மாசம் பார்த்துவிட்டு, ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏன் தம்பி, உங்கூருல ஒரு மருந்துக் கடைகூடவா இல்ல? வாளியைத் தூக்கிட்டு இந்த வெயில்ல வாரீக?"

பந்தி

பாலவனத்தத்தில் சித்தி மகள் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததும் ஆளாளுக்கு அம்மா இலையில் கேசரி வைக்க ஆரம்பித்தார்கள். பதினைந்து வருசம் தொடாதவளாம், பாவமாம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எதிர் வரிசையைப் பார்த்தார். அங்கே வைத்தியர் உட்கார்ந்திருந்தார். அப்பா அழைத்ததால் வந்த விருந்தாளி.

அம்மா தின்றாள். அரை மணி கழித்து மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண் மங்குகிறது, தண்ணி தண்ணி என்கிறாள். விரலைக் குத்தி மீட்டரில் வைத்தேன். எண்ணே வரவில்லை. அளவு தாண்டிவிட்டால் அந்த மெஷின் எண் காட்டாது. சேலை முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நான்தான் ஊசி போட்டேன். கழுவுகிற அக்காமார் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஊசி குத்தியது எனக்கு நினைவில்லை. பந்தியில் பாயசம் வந்தபோது வைத்தியர் சத்தம் போட்டுச் சொன்னதுதான் காதில் நிற்கிறது: "அங்க இன்னொரு கரண்டி ஊத்துங்கப்பா, நம்ம விளம்பரமே பந்தியில உக்காந்துருக்கு!"

பஞ்சு வாங்க வந்தவர்

அடுத்த தரம் விருதுநகர் போனபோது மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் பஞ்சும் கட்டுத் துணியும் வாங்கிக்கொண்டிருந்தார். திரும்பினார். வெள்ளைச்சாமி. தாடி வளர்ந்திருந்தது. ஒரு மண்டலம் மருந்து குடித்துப் பார்த்தார்களாம். புண் மேலே ஏறியது. பஞ்சவர்ணம் மயக்கம் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறார். விரலோடு போக வேண்டியது, முழங்காலுக்குக் கீழே வரைக்கும் போய்விட்டது.

அவருக்கு என் மேல் கோபமே இல்லை. தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோசம்தான் இருந்தது. நான் கேட்ட மருந்தைக் கடைக்காரர் மேஜையில் வைத்தார். யாருக்குச் சர்க்கரை ஊசி என்று வெள்ளைச்சாமி கேட்டார். பக்கத்து வீட்டுக்கு என்றேன். வெள்ளைச்சாமி தலையை ஆட்டிவிட்டு, நல்ல எண்ணத்தில் சொன்னார்: "அவுகளையும் உங்கம்மா குடிச்ச மருந்தக் குடிக்கச் சொல்லுங்க தம்பி. சில ஒடம்புக்குக் கேக்கும்."

நாலு வரி

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. கொஞ்ச நேரம் அப்பா மனுசனாகத்தான் இருந்தார். பிறகு வைத்தியருக்குப் போன் போட்டார்.

திருச்சுழியில் வைத்தியசாலைக்குக் கிளை திறக்கப் போகிறார்கள். நரிக்குடி ஜனம் எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வரும். கால் போன கதை பரவினால் கிளை படுத்துவிடும். அதனால் வைத்தியசாலை சார்பில் ஒரு சக்கர நாற்காலி. அதில் பஞ்சவர்ணத்தை உட்கார வைத்து ஒரு போட்டோ. மருந்தில் குறையில்லை, தாமதமாக வந்தது எங்கள் தப்பு என்று வெள்ளைச்சாமி பேசுகிற மாதிரி ஒரு வீடியோ. அவர் சொல்ல வேண்டியதை நாலு வரியில் எழுதி அப்பா என் சட்டைப் பையில் வைத்தார். "நாம மருந்து கொடுக்கலையேலே, செய்திதான் கொடுத்தோம்" என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

லோடு ஆட்டோவில் நாற்காலியை ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் கட்டிலில் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தார். சேலை ஒரு பக்கம் மட்டும் தரையைத் தொட்டது. நாற்காலியை இறக்கினதும் வெள்ளைச்சாமி கும்பிட்டார். காப்பி போடட்டுமா என்று கேட்டார். உங்கம்மா எப்படி இருக்காக என்று கேட்டார். நான் போனை எடுத்து கேமராவைத் திறந்தேன்.

"மருந்தக் குத்தம் சொல்லக் கூடாது தம்பி" என்று அவரே ஆரம்பித்தார். "உங்கம்மாவுக்குக் கேட்டுச்சுல்ல? நாங்கதான் முத்த விட்டுட்டு வந்தோம். இவ ஒடம்பு அப்படி."

அப்பாவின் நாலு வரி. பையிலிருந்து எடுக்காமலே வந்துவிட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

போனைப் பையில் போட்டேன். "அம்மாவுக்குப் போகலைங்க" என்றேன். "இன்னைக்குக் காலையிலயும் நான்தான் ஊசி போட்டுவிட்டேன். அன்னைக்கு நீங்க வந்தப்பவும் ஊசி போட்டுட்டுத்தான் அம்மா வெளிய வந்துச்சு. அந்த மிட்டாயை எடுத்து வச்சதும் நான்தான்."

வெள்ளைச்சாமி எழுந்தார். அடிப்பார் என்று நின்றேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். அவர் போய் ஆட்டுக்குட்டி ஒன்றை அவிழ்த்தார், திரும்ப அதே முளையில் கட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பஞ்சவர்ணம்தான் கேட்டார்: "ரெண்டு தின்னாகளே தம்பி... அன்னைக்கு அதுக்கப்புறம் உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இறக்கிய நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, போட்டோவும் இல்லாமல் வீடியோவும் இல்லாமல், அந்த நாலு வரியைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்த மக்கள் தொடர்புக்காரன் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.