மாமன் வீடு முப்பத்தொன்பதாவது

மகளின் கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தபோது, பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகள் நூற்று நாற்பத்திரண்டு என்று குறிப்பேட்டில் எழுதினேன். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டைச் சுற்றித் தொடங்கி மீனாட்சிபுரம் வரைக்கும் அவை சிதறிக் கிடந்தன. எங்கள் பக்கத்தில் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது அழைப்பே அல்ல. கணவனும் மனைவியுமாக நேரில் போய், வெற்றிலை பாக்குத் தட்டோடு கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு வரியாகக் கணினியில் அட்டவணை போட்டேன். ஊர், ஆள் இருக்கும் நேரம், நாய் உண்டா, சாப்பிடாமல் விடுவார்களா என்று நான்கு கட்டங்கள். அதை ஏஐ செயலியிடம் கொடுத்து, குறைந்த தூரத்தில் முடிகிறபடி வரிசைப்படுத்தச் சொன்னேன். பதினோரு விநாடியில் மூன்று நாள் திட்டம் வந்துவிட்டது. குலதெய்வக் கோயிலில் காலை நடை சாத்தியிருக்கும் என்று எண்ணி, அதை முதல் நாள் மாலைக்குத் தள்ளியிருந்தது. அதை மட்டும் என் கையால் முதலுக்குக் கொண்டுவந்தேன். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் தெருவிலும் இரண்டாம் முறை நுழைய வேண்டியதில்லை.

கோயிலுக்கு அடுத்த பத்திரிகை பெண்ணின் தாய்மாமனுக்கு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்பதால், யார் என்ன உறவு என்று நான் கட்டம் போடவில்லை. அந்த மாமன் என் மனைவியின் அண்ணன்; மச்சான் வீடு மீனாட்சிபுரத்தில். ஆகவே அவர் இரண்டாம் நாள் காலையில், வீடுகளில் முப்பத்தொன்பதாவதாக வந்தார். அது என் கண்ணில் படாமல் இல்லை. இரண்டாம் நாளின் முதல் வீடும் ஒரு முதல் வீடுதானே என்று நினைத்தேன்.

மூன்றாவது வீட்டை விட்டு வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, அண்ணனுக்கு எப்ப வெச்சீங்க?"

"நாளைக்குக் காலைல, ஏழு பத்துக்கு. இப்பப் போனா முப்பத்தாறு கிலோமீட்டர் சேத்தி ஓட்டோணும்."

"அந்தக் கிலோமீட்டரு வந்து மணவறையில நிக்குமுங்களா?"

அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினேன். அன்று முப்பத்தெட்டு வீடும் முடிந்தன. ஆறு நிமிடம் மிச்சம்.

மறுநாள் ஏழு பத்துக்கு மச்சான் வீட்டு முன்னால் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. மச்சானின் மனைவி ஜன்னலைத் திறந்து, "அவரு ஊட்ல இல்லீங்க தம்பி" என்றார்.

உள்ளேயிருந்து மச்சானின் குரல் வந்தது. "இல்லேன்னு நாந்தான் சொல்லச் சொன்னேன்னும் சொல்லு."

நேற்று மத்தியானத்திலிருந்து பதினான்கு பேர் அவருக்குப் போன் செய்து, மாமன் சீர் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார்கள். பத்திரிகையே பார்க்காத மாமன் எதைச் சொல்வார்? அவர் வந்து நின்றால்தான் மணவறைச் சடங்கு தொடங்கும். வராவிட்டால் மகள் கழுத்தில் தாலி ஏறுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி காருக்குள் திரும்பிப் போய் அழுதுகொண்டிருந்தாள்.

செயலி போட்ட வரிசையில் அவர் முப்பத்தொன்பதாவதாக வந்ததை ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, வாசலில் நின்றபடியே அதே செயலியிடம் நிலைமையை எழுதினேன். என் கவலையைப் புரிந்துகொள்வதாகச் சொல்லி மூன்று யோசனை தந்தது: பழக்கூடை அனுப்பலாம், காணொளி அழைப்பில் பேசலாம், அவருடைய உணர்வுகளை மதிப்பதாகத் தெரிவிக்கலாம். மூன்றாவதை ஜன்னல் வழியாகத் தெரிவித்தேன்.

"மாப்ளே, அதுக்கு மாமன் இருக்கானான்னு கேளு" என்றார் மச்சான்.

கேட்டேன். தனக்குக் குடும்ப உறவுகள் இல்லை, ஆனாலும் உதவக் காத்திருப்பதாகப் பதில் வந்தது. அப்படியே வாசித்தேன்.

"மாமனே இல்லாதது சொல்லி, நீ என்னைய முப்பத்தொம்பதுல வெச்சிருக்கே!"

பிறகு கதவு அரையடி திறந்தது. நிபந்தனை ஒன்றுதான்: நேற்றுக் கொடுத்ததெல்லாம் பத்திரிகையே இல்லை என்று ஆக வேண்டும்.

இந்த வேலையைச் செயலி நன்றாகச் செய்தது. நேற்றுத் தந்தது அச்சக ப்ரூஃப், பிழை பார்க்க மட்டுமே, உண்மையான பத்திரிகையோடு மறுபடி வருவோம் என்று முப்பத்தெட்டு வீட்டுக்கும் பணிவான செய்தி எழுதித் தந்தது. ஏழு ஐம்பதுக்கு அனுப்பினேன். யாரும் நம்பமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒன்பது மணிக்குள் பத்தொன்பது பேர் பிழைதிருத்தம் அனுப்பிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியர், பத்திரிகையில் உள்ள பிள்ளையாரின் தும்பிக்கை தவறான பக்கம் திரும்பியிருக்கிறது என்றார். வேலந்தாவளத்துச் சித்தப்பா, தம் பெயர் மூன்றாம் வரியில் இருப்பதை அச்சுப்பிழை என்று வட்டம் போட்டு, முதல் வரிக்கு அம்புக்குறி இழுத்திருந்தார். அரிசிக்கடைக்காரர், "பிழை இல்லீங்க. ஆனாலும் ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று எழுதியிருந்தார்.

ஒவ்வொன்றையும் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். கதவு முழுதாகத் திறந்தது. ஒன்பது இருபத்தைந்துக்கு, வீடுகளில் முதல் பத்திரிகையை நாங்கள் இருவரும் அவர் கையில் கொடுத்தோம். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய், வெள்ளைச் சட்டை மாற்றி வந்து காரின் முன்சீட்டில் உட்கார்ந்தார். மனைவி பின்சீட்டுக்குப் போனாள்.

"ரெண்டாவது ஊடு எதுன்னு அதைக் கேக்காதே. நாஞ் சொல்றேன்" என்றார்.

அவர் சொன்ன இரண்டாவது வீடு, திரும்பவும் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வாசல். அங்கிருந்த பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ப்ரூஃபுங்களா, பத்திரிக்கைங்களா?"

மச்சான் தட்டை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் நீட்டினார்.

"மாமன் நானே வந்திருக்கேனுங்க. பத்திரிக்கைதான்."