மேஜைமேல் தினமும் ஒன்று

நனைந்த உமியும் பினாயிலும் கலந்த எலி அறையின் வாடை... தலைமுடியில் ஏறிக்கொண்டால் ரெண்டு தடவை குளித்தாலும் போகாது.

படிப்பு முடித்ததும் வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. எலிகளின் தலைக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். சில வாரம் கழித்து, அவை பழகிய பெட்டிக்குள் புதிதாக ஒரு பொருளை வைப்போம். நல்ல எலி நேரே போய் அதை முகர்ந்து பார்க்கும். கதிர்வீச்சு வாங்கியதில் சில, பழசு எது புதுசு எது என்று தெரியாமல் மூலையிலேயே கிடக்கும். ஸ்டாப்வாட்சும் கையுமாக நான் பக்கத்தில் நிற்பேன். லீவில் நெய்வேலிக்கு வந்தால் அப்பாவிடம் இதே கதைதான்.

போன வருஷம் அப்பாவுக்குத் தலையில் கட்டி. ரேடியேஷன் கொடுக்கணும் என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டவள் நான். பேனாவைப் பிடித்தபோது அந்த மூலை எலிகள்தான் கண்முன் வந்தன.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் கட்டிய வீடு எங்களுடையது. சிகிச்சை முடிந்து அங்கே வந்தவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வெட்கக்கேடுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்... அவர் நாற்காலிக்கு எதிரே மேஜையில் தினமும் புதிதாக ஒன்றை வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து பார்த்தேன்.

திங்கள், பச்சை டம்ளர். செவ்வாய், ஒரு பூட்டு. புதன், மர யானை. வியாழன், டார்ச்.

ஒன்றையும் அவர் தொடவில்லை. பார்த்ததாகவே தெரியவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒன்றை நான் மறந்துவிட்டேன். அப்பா நெய்வேலி மைன்ஸில் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட் ஓரமாகவே நடந்து காலம் தள்ளியவர். நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. பெல்ட்டை நிறுத்தும் அளவுக்கு இருந்தால் உடனே சொல்வார். மற்றதையெல்லாம் மனசில் வைத்திருந்து, ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் மொத்தமாக ஒப்பிப்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் டீ கொண்டு போனேன். நில்லு என்றார்.

"பச்ச டம்ளரு. அப்புறம் பூட்டு. நேத்து டார்ச்சு. எதுக்கும்மா தெனம் ஒன்னு வெச்சிட்டு அங்க நின்னு பாத்துக்கினு இருக்க?"

என் முகத்தைப் பார்த்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எலிக்கதை கேட்டவர்தானே. கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"எதனா வுட்டுட்டனா?"

புதன்கிழமை யானையை விட்டிருந்தார்.

"இல்லப்பா. எல்லாம் சரியா சொல்லிட்ட."

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தவரை எந்த எலிக்காகவும் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை நான். இப்போது அப்பாவுக்கு முழு மார்க் போட்டுவிட்டு, டீ ஆறுது குடிப்பா என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் வந்துவிட்டேன்.